ஆளுக்கு இரண்டு மீட்டர்

துறைமுகத் தலைவரின் அறைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கடலடிச் சேறு மாடிப்படி ஏறி வந்து, சரியாக இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நின்றது. தலைவர் கீழே யாருடனோ கை குலுக்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். அதே நேரத்தில் பக்கத்துத் துறைமுகத் தலைவரின் அறையில் மூன்று மீட்டரும், அதற்கடுத்த துறைமுகத்தில் இரண்டே கால் மீட்டரும் ஏறின. காரணம் என்ன என்று யாரும் ஆழக்காரியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

ஆழக்காரி என்பது துறைமுகத்தில் அவளுக்கு வைத்த பெயர். தினமும் காலையில் சிறு படகில் போய், கப்பல் வரும் கால்வாயில் எத்தனை மீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று அளந்து எழுதித் தருவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக, அவள் ஒன்பதரை மீட்டர் என்று எழுதினால் ஒன்பதரை மீட்டர்தான். மூன்று துறைமுகங்களும் கூடி ஒப்பந்தம் போட்டபோது அவளைப் போலச் சந்தோஷப்பட்டவர்கள் இல்லை. ஒப்பந்தத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிரேன்கள் சூரிய மின்சாரத்தில் ஓடும், தூர்வாரும் கப்பலை மூவரும் முறை வைத்துக்கொள்வார்கள், புயல் வந்தால் எங்கே ஆழம் இருக்கிறதோ அங்கே எல்லோருடைய கப்பல்களும் ஒதுங்கும். அதற்காக அன்றாட ஆழத்தை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். அங்கேதான் கெடுத்தார்கள். அடுத்தவன் முன்னால் நாம் குறைந்துபோகலாமா என்று, அவள் எழுதிக் கொடுத்த எண்ணில் அரை மீட்டர் கூட்டித் தலைவர் கையெழுத்துப் போட்டார். அவர்களும் கூட்டித்தான் இருப்பார்கள் என்று சில மாதத்தில் இன்னும் அரை. மூன்று தலைவர்களும் அப்படியேதான் நினைத்தார்கள். அலுவலகத்தில் இதற்குச் 'சரிபார்த்தல்' என்று பெயர். வெட்கங்கெட்டவர்கள், வாய் கூசாமல் அப்படித்தான் சொன்னார்கள்.

கப்பல்களுக்கு முன்னால் போய் வழிகாட்டும் படகை ஓட்டியவன் ஆழக்காரியின் தம்பி. புயலடித்த ஒரு நாள், சரக்குக் கப்பல் ஒன்றைப் பக்கத்துத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பன்னிரண்டு மீட்டர் என்றது காகிதம். இருந்தது ஒன்பது. கப்பல் சேற்றில் இடித்துச் சாய்ந்து, தம்பியின் படகை அமுக்கிவிட்டது. மறுநாள் கடல் ஏறியதும் கப்பல் மிதந்து போய்விட்டது. படகையும் காணோம், தம்பியையும் காணோம். எங்கள் எல்லையில் இல்லை என்று இவர்கள் கைகழுவினார்கள். எங்கள் எல்லையிலும் இல்லை என்றார்கள் அவர்கள். செத்தான் என்று எழுதினால் எதனால் என்று எழுத வேண்டும், எதனால் என்று எழுதினால் ஒன்பது மீட்டர் என்று எழுத வேண்டும். ஆகவே 'அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை' என்று மாதாமாதம் செத்தவன் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள்.

"ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு கடைக்காரன் வரைக்கும் பேசுறான், அண்ணி," என்று தம்பியின் மனைவி நான்காவது நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆழக்காரி அதை எடுத்துக்கொண்டு தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"உடம்பு இல்லாம செத்துட்டான்னு நான் எப்படிம்மா எழுதுறது? ஆளைக் கொண்டு வா, பார்க்கலாம்," என்றார் அவர். சொல்லிவிட்டு டீ குடித்தார். அவளுக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி எறியத் தோன்றியது.

அதற்கு அடுத்த வாரம்தான் சேறு மாடி ஏறியது. அன்று கால்வாயை அளந்த ஆழக்காரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. காகிதத்தில் எழுதிய ஆழம் இப்போது கடலிலும் இருந்தது. எத்தனை மீட்டர் பொய்யோ அத்தனை மீட்டர் சேறு, கையெழுத்துப் போட்டவன் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கிறது. தலைவர்களுக்கும் ஒரு மாதத்தில் இது புரிந்தது. திருந்தினார்களா? மூன்று பேரும் கூடிப் பேசி, டீசல் செலவில்லாத பசுமைத் தூர்வாரல் என்று அதற்குப் பெயர் வைத்து, கையெழுத்து வேலையைக் கடைநிலை எழுத்தர்கள் தலையில் கட்டினார்கள். ஓர் எழுத்தரின் அடுப்படியில் ஒன்றரை மீட்டர் சேறு. பிள்ளைகளின் புத்தகப் பைகளைக் கூடை வைத்துத் தோண்டி எடுத்தார்கள். ஒப்பந்தம் உருப்படியாக வேலை செய்கிறது என்று ஆண்டறிக்கை சொன்னது.

உருப்படியான ஒப்பந்தம் ஒன்று வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. தம்பி போன மூன்றாம் நாள், பக்கத்துத் துறைமுகத்தில் ஆழம் அளக்கிறவர் வயர்லெஸ்ஸில் அவளைக் கூப்பிட்டார். "நான் ஒன்பதுன்னுதான் எழுதிக் கொடுத்தேன், அக்கா," என்று அழுதார். அன்றிலிருந்து இருவரும் தினமும் உண்மையான எண்களைச் சொல்லிக்கொண்டார்கள். ஒன்பதாவது நோட்டீஸ் வந்த வாரம் அவர் மறுபடி அழுதபடி பேசினார்.

"ரெண்டு எல்லைக்கும் நடுவுல, யாரும் அளக்காத இடத்துல போய்க் கம்பி இறக்கிப் பார்த்தேன், அக்கா. நாலு மீட்டர் சேத்துக்கு அடியில படகு ஒண்ணு கிடக்குது."

"அங்க எவ்வளவு தண்ணி?"

"ஆறு."

"பத்துன்னு எழுதுறேன்."

"நாலு மீட்டர் சேறு வந்தா உங்க வீடு நிக்காது. நானும் கையெழுத்துப் போடுறேன். ஆளுக்கு ரெண்டு மீட்டர்."

இரண்டு துறைமுகத்தாரும் சேர்ந்து அளந்தால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதுவரை யாரும் தொட்டதில்லை. நடுக்கடலில் இரண்டு படகையும் ஒட்டி நிறுத்தி, அதில் பத்து என்று எழுதினாள் ஆழக்காரி. பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது. தன்னையும் பொய் எழுத வைத்தார்களே என்று திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவரும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுச் சாமான்களைத் தம்பியின் மனைவியும் அவளுமாகப் பரண்மேல் ஏற்றிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மாலை நான்கு மணிக்குச் சேறு தெருவோடு வந்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. படகு பக்கத்துத் துறைமுகத்துக்காரர் வீட்டுக்குப் போயிற்று. தம்பி இவள் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பொத்தான் ஒன்றுகூடக் குறையவில்லை. இருவரும் அவனைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். தம்பியின் மனைவி அவன் தலையைத் துவட்டிவிட்டு அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை இருவரும் அவனைப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு துறைமுக வாயிலுக்குப் போனார்கள். வருகைப் பதிவேட்டின் முன்னால் இறக்கி வைத்தார்கள்.

"வேலைக்கு வந்திருக்கான்," என்றாள் ஆழக்காரி. "எழுதிக்குங்க."

காவலர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, தம்பியின் பெயருக்கு நேரே எட்டு மணி பத்து நிமிடம் என்று எழுதினார்.