உறைந்த எண்ணெய்

கவிழ்த்துப் பிடித்தும் ஒரு சொட்டு விழவில்லை, பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் மெழுகாய் வெளுத்துக் கிடக்கிறது, அடுப்போரம் கொஞ்ச நேரம் வெச்சா உருகிடும், தலைக்கு வெச்சிட்டு ஆபீஸ் போங்க என்கிறாள் என் மனைவி, வைக்காதே என்று கத்துகிறேன், அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறாள், இவளிடம் கத்தி என்ன புண்ணியம், கத்த வேண்டிய இடத்தில் சரிங்கய்யா என்று தலையாட்டியவன்தானே நான், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், மார்கழிப் பனியில் இந்த எண்ணெய் என்ன ஆகும் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியாதா, தெரிந்தேதான் அந்த ஏழு துப்பாக்கிகளுக்கும் இந்தக் கையால் போட்டேன்.

லாரன்ஸ் இருந்தால் என் கையில் அடித்திருப்பான், ஆயுதக் கிடங்கில் நானும் ஏட்டு லாரன்ஸும் பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கி துடைத்தவர்கள், சாப்பாட்டில் உப்பில்லாவிட்டால் கேட்க மாட்டான், எண்ணெய் விஷயத்தில் மட்டும் விடமாட்டான், மண்ணெண்ணெயில் அழுக்கு எடுத்தால் உடனே உலரத் துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் துரு பிடிக்கும், மழைக்காலத்தில் அலமாரியில் கிடக்கிற துப்பாக்கிக்கு மேலே கெட்டி எண்ணெய், சுடப் போகிற துப்பாக்கிக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் உள்ளே ஊசி ஓடுகிற இடத்தில் தொட்டும் தொடாமலும், ஊசி ஓங்கித் தட்டுனாத்தான்டா தோட்டா வெடிக்கும், அங்க பிசுபிசுன்னு இருந்தா ஊசி தூங்கிடும், அப்புறம் துப்பாக்கியும் ஒண்ணுதான் உலக்கையும் ஒண்ணுதான் என்கிறான், என்பான், இனிமேல் சொல்ல மாட்டான், செக்போஸ்டில் பிரேக் பிடிக்காத லாரி அவன்மேல் ஏறிவிட்டது, பணியில் இறந்தவன், அதனால் அடக்கத்துக்குத் துப்பாக்கி மரியாதை, ஏழு பேர், மூன்று சுற்று, இருபத்தொரு வெடி.

முந்தின நாள் மதியம் இன்ஸ்பெக்டர் வேலாயுதப்பெருமாள் கிடங்குக்கு வந்தார், கடலோர ஊரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நாளைக்கு எஸ்.பி. வாராரு, துப்பாக்கியெல்லாம் கண்ணாடி கணக்கா மின்னணும், உள்ள வெளிய எல்லாத்துக்கும் தேங்காண்ணெயப் போடு, துப்பாக்கி எண்ணெய் ஏழுக்கும் போதுமான அளவு இருக்குங்கய்யா என்றேன், அதுல மினுப்பே இல்லையேல, எங்க ஊர்ல பதினஞ்சு வருசமா இதான் போடுதோம், ஒரு குறை வந்ததில்ல, இங்க குளிருங்கய்யா, உறைஞ்சிடும், எனக்கே பாடம் எடுக்கியா நீ, அவ்வளவுதான், சரிங்கய்யா என்று எண்ணெயைக் கையில் எடுத்தேன், அவர் போன பிறகாவது துடைத்து எடுத்திருக்கலாம், திரும்பி வந்து விரலால் தடவிப் பார்ப்பாரோ என்று பயந்தேன், த்தூ, லாரன்ஸை விடவா எனக்கு அந்த ஆள் பெரிசு.

கல்லறைத் தோட்டத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது, காலை ஏழரை மணி, ஏழு துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, மின்னுகின்றன, சுடு என்று உத்தரவு, நாலுதான் வெடிக்கிறது, மூன்றில் டிக், டிக், டிக், மறுபடி இழுத்து வேறு தோட்டா மாட்டுகிறார்கள், அடுத்த சுற்றில் மூன்றுதான் வெடிக்கிறது, கடைசிச் சுற்றில் இரண்டு, கூட்டத்தில் எவனோ களுக்கென்று சிரித்தான், பெட்டிக்குப் பக்கத்தில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்த லாரன்ஸின் மகள் ரீட்டா என்னை நிமிர்ந்து பார்த்தாள், இருபத்தொண்ணுன்னு சொன்னீங்களே மாமா, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் சரியா வெடிக்கல, அவள் அம்மா பிலோமினா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள், என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பையில் வீட்டுப் பாட்டிலோடு பனியில் நடந்து வந்து விசாரணைக்காக டி.எஸ்.பி. அம்மாவின் அறையில் நிற்கிறேன், மூலையில் ஹீட்டர் சிவப்பாக எரிகிறது, மேசையில் என் பெயரில் தட்டச்சு செய்த விளக்கக் கடிதம், துப்பாக்கிகளைச் சரிவரச் சுத்தம் செய்யத் தவறிவிட்டேன் என்று, வேலாயுதப்பெருமாள் என் காதோரம் குனிகிறார், கையெழுத்தப் போட்டுரு, மூணு மாசம் சஸ்பெண்டு, அதோட முடிஞ்சிரும், மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன், நான் பாட்டிலைத் திறந்து அந்தக் கடிதத்தின் மேல் கவிழ்த்துப் பிடிக்கிறேன், என்னய்யா இது என்கிறார் அம்மா, இதே தேங்காண்ணெய்தான் துப்பாக்கிக்குப் போட்டதுங்கம்மா, சிந்தாது பாருங்க, அன்னைக்கும் இப்படித்தான் இருந்தது, அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கிறார், இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்க்கிறார், நான் இடது கையில் பாட்டிலைப் பிடித்தபடியே வலது கையால் கடிதத்தின் அடியில் எழுதுகிறேன், போடச் சொன்னது இன்ஸ்பெக்டர், உறையும் என்று தெரிந்தே போட்டது நான், எழுதிக் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் ஹீட்டர் சூட்டில் பாட்டிலின் ஓரம் இளகி, என் பெயரின் மேல் ஒரு சொட்டு விழுகிறது, பின்னாலேயே இன்னொன்று, இப்போது உருகுகிறது, சனியன்.