பிஞ்சில்லாத பூ

அப்பாவுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. "டவுட்டா கீதுன்னா தூக்கிப் போடு" என்பதுதான் அவர் சட்டம். அப்படிப்பட்டவரின் மகளான மோகனப்ரியாவைத் தவிர, ஆறாம் வகுப்புத் தோட்டத்துக்கு வேறு யார் சூப்பர்வைசர் ஆக முடியும்? நானேதான் ஆனேன்.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குழாயடியில் ஒரு பரங்கிக் கொடி. காலாண்டுப் பரீட்சைக்குள் ஒரு காயாவது பிடிக்காவிட்டால் அங்கே வண்டி ஷெட் போடப்போவதாக ஹெச்.எம். ராஜம்மா டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கோ அந்தக் கொடி மேல் உயிர்.

கொடி நன்றாகத்தான் பூத்தது. சில பூக்களின் அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தது. பல பூக்களில் வெறும் காம்புதான். இதெல்லாம் தண்டச்சோறு என்று முடிவுகட்டி, தினமும் மணி அடிக்கும் முன்பே காம்புப் பூக்களைக் கிள்ளி எறிந்தேன்.

மாரிசெல்வி வகுப்புக்குப் புதுசு. அவள் அப்பா லாரி கம்பெனி வேலைக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர். அவள் தண்ணீர் ஊற்றாமல் உட்கார்ந்து பூவை வரைந்துகொண்டே இருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னா, குந்திகினு படம் போட்டுனு கீற? வேலயப் பாரு!"

"எதுக்குட்டி அதப் பறிக்க? நல்லாத்தான இருக்கு."

"பிஞ்சு இல்லாத பூ ரிஜெக்ட். உனக்கு இன்னா தெரியும்?"

இரண்டே வாரத்தில் பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. உரம் போட்டேன், சாமி கும்பிட்டேன், கடைசியில் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

மாரிசெல்வி பக்கத்தில் வந்து நோட்டை விரித்தாள். பூக்களை உள்ளே பிரித்து வரைந்திருந்தாள். காம்புப் பூவின் நடுவில் மஞ்சள் பொடி பூசிய குச்சி. பிஞ்சுப் பூவின் நடுவில் பிசுபிசுவென்று ஒரு குமிழ்.

"பஸ் ஸ்டாப் குப்பமேட்டுல ஒரு கொடி கெடக்குல்லா, அதையும் வரைஞ்சேன். அங்கன யாரும் பூவப் பறிக்கல. மூணு காய் கெடக்கு. வண்டு இந்தப் பொடியத்தான் பிஞ்சுப் பூவுக்குக் கொண்டு போவுது. இது இல்லாமத்தான் பிஞ்சு உதிருது போல."

எனக்கு முகம் சுண்டிப்போனது.

மறுநாள் காலை ஆறரைக்கு, கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, குப்பைமேட்டில் இரண்டு காம்புப் பூக்களைப் பறித்துக்கொண்டு ஓடினோம். காம்பு மொட்டைக்கூட நான் விட்டுவைக்காததால், எங்கள் கொடியில் அன்று விரிந்திருந்தது ஒரே ஒரு பிஞ்சுப் பூ. அதன் நடுவில் பொடியைத் தடவினேன்.

ஆறாம் நாள் அது கைமுஷ்டி அளவுக்குப் பெருத்திருந்தது.

ராஜம்மா டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "சபாஷ் மோகனப்ரியா! சூப்பர்வைசர்னா இப்படித்தான் இருக்கணும்" என்று என் முதுகில் தட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. முடியவில்லை.

"டீச்சர், பூவெல்லாம் கிள்ளிப் போட்டுக் கெடுத்ததே நான்தான். மாரிசெல்விதான் கண்டுபுடிச்சா."

பதவி அன்றே கைமாறியது. வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன்?

ஆளுக்கொரு பூ வரைய வேண்டும் என்பது புது சூப்பர்வைசரின் முதல் உத்தரவு. நான் வரைந்தது சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது. தாளைக் கிழிக்கப் போனேன். மாரிசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும் விடுட்டி. எதுக்கு ஆவும்னு பொறவு பாப்போம்."