மூன்று பேரும் வீட்டில் இருந்த நாள்

பாட்டில் தொழிற்சாலையின் உலையை அணைப்பது லேசில் நடக்கிற காரியமல்ல. கண்ணாடி உருகிக்கொண்டே இருக்க வேண்டும், ஆறவிட்டால் உள்ளேயே இறுகிப்போகும். அதனால் அது மழை வெயில் பாராமல் வருஷக்கணக்கில் எரியும். இந்தத் தடவை உள்ளே இருக்கும் செங்கல்லை மாற்றியே ஆக வேண்டுமென்று அணைத்துவிட்டார்கள். மறுநாள் காலை கண்விழித்தபோது என்னவோ குறைந்தது. எங்கள் தெருவில் எந்நேரமும் கேட்கிற அந்த உறுமல் இல்லை. ஜன்னல் திரை வழியாக வந்த வெளிச்சம்கூடச் சத்தம் போடாமல் வந்து தரையில் உட்கார்ந்திருந்தது.

கட்டிலில் என் மனைவி இருந்தாள். அதுதான் ஊர் உலகத்தில் இல்லாத அதிசயம்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். கீறலோ குமிழியோ தெரிந்தால் எடுத்து ஓரம் கட்ட வேண்டும். அவளுக்கு விடிகாலை முறை, எனக்கு மதிய முறை. அவள் வந்தால் நான் போவேன். வார விடுமுறையிலும் ஆள் இல்லையென்று யாராவது கூப்பிட்டால் ஓடிவிடுவோம். வீட்டு வாடகை விடுமுறை எடுப்பதில்லையே. வேலை முடிந்து கண்ணை மூடினாலும் பாட்டில்கள் விடாது. இமைக்குள்ளே பச்சையாக, மங்கலாக, ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வரிசையின் கடைசியில் எங்கேயோ தூக்கம் வரும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முறை மாற்ற வருகிறவர் பின்னால் நின்று தோளில் கைவைத்து, "பாத்துக்கறேன்" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்திருப்பவர் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கலாம். எங்கள் மகள் சுண்டெலி கைக்குழந்தையாக இருந்தபோது, நான் கிளம்புகிற அவசரத்தில், என் மனைவி பார்க்கிறாள் என்று நானும், நான் பார்க்கிறேன் என்று அவளும் இருந்துவிட்டோம். குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து நெற்றி புடைத்துக்கொண்டது. அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதிலிருந்து அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். மதியம் என் மனைவி வந்து என் தோளில் கைவைப்பாள், "பாத்துக்கறேன்" என்பாள், நான் செருப்பை மாட்டுவேன். எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

இதில் சுண்டெலி எங்களுக்குள் பாதி பாதியாகிப் போனாள். காலைச் சுண்டெலி என்னுடையவள். தலைவாரவிடாமல் வீடு முழுக்க ஓடுவாள், ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து என் வாயில் திணிப்பாள். சாயங்காலச் சுண்டெலி என் மனைவியுடையவள். குளிக்கும்போது வாளியோடு பேசுகிறவளாம், கதை கேட்டால் முடிவை மாற்றச் சொல்லி அடம்பிடிப்பவளாம். அவள் கண்விழிப்பதை என் மனைவி பார்த்ததே இல்லை. அவள் தூங்கிப்போவதை நான் பார்த்ததே இல்லை. உலையை அணைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே என் மனைவி சொல்லிவிட்டாள்.

"எனக்கு வேற எதுவும் வேணாங்க. ஒரு நாள், அவ எழுந்திரிக்கிறதிலேருந்து தூங்கற வரைக்கும் மூணு பேரும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான்."

அதனால் அன்று காலை நாங்கள் குழந்தைக்கு இரண்டு பக்கமும் படுத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் மூக்கு சுருங்கியது. பிறகு ஒரு கால் போர்வையை உதைத்தது. என் மனைவி மூச்சுவிடாமல் கிடந்தாள்.

"இப்படித்தான் எழுந்திரிப்பாளா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"இன்னும் இருக்கு, பாரு. இப்ப கொட்டாவி வரும்."

வந்தது. சுண்டெலி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். முகம் பூரித்துப் போனது. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கட்டிலிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா வந்தாச்சு. கிளம்புப்பா."

விழுந்து விழுந்து சிரித்தோம். இன்றைக்கு வேலை இல்லை, உலை தூங்குகிறது, அப்பாவும் அம்மாவும் இருப்போம் என்று அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். பெரிய மனுஷிபோல் தலையை ஆட்டிவிட்டு, செருப்பை என் காலருகே நகர்த்தி வைத்தாள். ரொட்டி சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. என்னைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள், கதவைப் பார்ப்பாள். நடுவில் என் மனைவி சிரித்துக்கொண்டே என் தோளில் சாய, சுண்டெலி தட்டைத் தள்ளிவிட்டு அழுதே விட்டாள்.

"போப்பா! அம்மா தொட்டாச்சு, போ!"

சொந்த வீட்டிலிருந்து இப்படி நான் துரத்தப்பட்டதில்லை. சிரிப்பாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. சரி, சாப்பிடட்டும் என்று மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கலகலவென்று சிரிப்பு கேட்டது. பிறகு நாங்கள் இடம் மாற்றிப் பார்த்தோம். என் மனைவி படிக்கு வந்தாள், நான் உள்ளே போனேன். சுண்டெலி என் முதுகில் ஏறி வீட்டைச் சுற்றி வந்தாள். ஒருவர் இருந்தால் விளையாட்டு, இருவர் இருந்தால் அழுகை. உறுமல் இல்லாத அந்தத் தெருவில் பகல் மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து கண்ணயரும்போதெல்லாம் பாட்டில்கள் போயின. அவற்றுக்கு நடுவே சுண்டெலியின் முகமும் போனது. என்ன கோளாறு என்று எனக்குப் பிடிபடவில்லை.

மதியம் என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. படியிலிருந்து எழுந்து விறுவிறுவென்று உள்ளே வந்து, தரையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எங்கேயும் போகப் போறதில்ல. நீங்களும் போகாதீங்க. அவ அழுதா அழட்டும்."

ஆனால் அழுதது சுண்டெலி இல்லை, அவள்தான். "நான் என்ன கேட்டுட்டேன்? ஒரே ஒரு நாள், மூணு பேரும் சேர்ந்து இருக்கணும்னு கேட்டேன். அதுக்குக்கூடக் கொடுத்து வைக்கலியா எனக்கு?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது. தொட்டால் யாராவது போக வேண்டியிருக்கும்.

சுண்டெலி அம்மாவையே பார்த்தாள். அம்மா அழுது அவள் பார்த்ததில்லை. பிறகு சத்தமில்லாமல் எழுந்து போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாசலில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தோம். வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள், இடது வலது மாற்றி. தோளில் அம்மாவின் வேலைப் பை, அது தரையைத் தொட்டது.

"எங்கடி கண்ணு?"

"வேலைக்கு."

"யாருக்கு வேலை? உனக்கா?"

"நீயும் அப்பாவும் இருங்க. நான் போயிட்டு வந்துடறேன். சமத்தா இருக்கணும், அழக் கூடாது, என்ன?" என்றாள். அச்சு அசல் எங்கள் குரல்.

என் மனைவி அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை யாருடி போகச் சொன்னது?"

சுண்டெலிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

"யாராவது போகணும் இல்லம்மா?"

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பையை அவள் கழற்றவிடவில்லை. வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறும் வரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், யார் எழுந்திருக்கப் போகிறோம் என்று.