விட வேண்டிய மூன்றடி

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக் கிளம்பிய நந்திதா, சாயங்காலம் வடவள்ளியில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது அவள் வீட்டுக் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாநகராட்சி முத்திரை போட்டது. அனுமதி பெற்ற வரைபடத்தை மீறிக் கட்டுவதாகப் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்திருப்பதால் வேலையை உடனே நிறுத்த வேண்டும் என்றிருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர்.

பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

நந்திதா வால்பாறையில் அரசுப் பள்ளி ஆசிரியை. வாரம் முழுவதும் அங்கே தங்கிவிட்டு, சனி ஞாயிறுக்கு மட்டும் மலையிறங்கி வருவாள். அவளுடைய அம்மா செல்லாத்தாள் இடுப்பெலும்பு முறிந்து, ஆனைமலையில் நந்திதாவின் தம்பி வீட்டு ஹாலில் போட்ட கட்டிலிலேயே கிடந்தாள். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான், மாடி ஏற வேண்டாதபடி கீழே பக்கவாட்டில் ஒரு அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள். வீடு அவள் பெயரில். கடன் அவள் சம்பளத்தில். இன்ஜினியரோடு உட்கார்ந்து வரைபடம் போட்டதும் அனுமதிக்கு அலைந்ததும் அவள்தான். பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து மூன்றடி காலியாக விட வேண்டும் என்று அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய அன்று தானே டேப் பிடித்து அளந்தும் காட்டினாள். அதற்குப் பிறகு தேர்வு வேலை வந்துவிட்டதால் சில வாரங்களாக ஊருக்கு வர முடியவில்லை.

பக்கத்து வீட்டு ராமுலு மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா? எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கறாங்க. அவங்களுக்குன்னு ஒரு ரூம் கட்டறது உங்களுக்குப் பொறுக்கலீங்களா? வருசக்கணக்கா பழகிப்போட்டு இப்படிப் போய் எழுதிக் கொடுக்கறீங்களே!"

எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. ராமுலு குழாயை மூடினார்.

"டீச்சரம்மா, உங்க ஊட்டுக்காரர்கிட்ட எத்தனையோ தடவை சொன்னனுங்க. டீச்சருக்குத் தெரிஞ்சுதான் கட்டறோம், நீங்க உங்க வேலையைப் பாருங்கன்னு சொல்லிப்போட்டாரு. நாங்க வேற என்னதானுங்க பண்றது?"

"என்ன தெரிஞ்சு கட்டறோம்?"

"வந்து பாருங்க அம்மணி."

உள்ளே கூட்டிப்போனார். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. அந்தச் சமையலறையில் மட்டும் டியூப் லைட் எரிந்தது. அவர் மனைவி அடுப்பருகே நின்றபடி இவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், பூசாத ஹாலோபிளாக் சுவர் நின்றது. நந்திதாவின் சுவர். மூன்றடி இருக்க வேண்டிய சந்தில் ஒரு ஆள் பக்கவாட்டில்கூட நுழைய முடியாது.

"மழை பேஞ்சா உங்க மொட்டைமாடித் தண்ணி பூரா எங்க செவுத்துலதானுங்க எறங்கும்" என்றார் ராமுலு.

அவளுக்குக் காது சூடேறியது. விருட்டென்று வெளியே வந்தாள்.

வீட்டில் அவள் கணவன் கிருபாசங்கர் டீ குடித்துக்கொண்டிருந்தான். மோட்டார் பம்ப் ஏஜென்சி வைத்திருப்பவன். கான்ட்ராக்டர் சசிதர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"சுவத்தை அவங்க பக்கம் தள்ளிக் கட்டச் சொன்னது யாருங்க?"

சசிதர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சார்தானுங்க மேடம் சொன்னாரு. உங்ககிட்டப் பேசிட்டேன்னும் சொன்னாருங்க."

"எதுக்கு இந்தச் சத்தம்?" என்றான் கிருபாசங்கர். "ரெண்டடி சேத்துனா முன்னாடி ஒரு ஷட்டர் போட்டுப்போடலாம். எனக்கு ஆபீசாச்சு, பின்னாடி அத்தைக்கு ரூமாச்சு. இந்தத் தெருவுல எவன் முழுசா எடம் உட்டிருக்கறான்? நோட்டீஸெல்லாம் நான் ஆளைப் பாத்துப் பேசிக்கறேன், உடு."

"எங்கம்மா ரூம்ல உங்களுக்கு ஆபீசுங்களா?"

"அவங்களுக்கு ஒரு கட்டில் போடற எடம் போதாதா?"

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது.

"கையெழுத்துப் போட்டவ நான். பதில் சொல்ல வேண்டியவ நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு உங்களுக்கு வாய் வரலை. நான் சொன்னதாப் பக்கத்து ஊட்ல பொய் சொல்றதுக்கு மட்டும் வந்துதுங்களா? அந்த மனுசனை நடுத்தெருவுல நிக்க வெச்சுப் பேசிப்போட்டு வந்திருக்கறேன், தெரியுமா உங்களுக்கு?"

கிருபாசங்கர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். அவள் அதைப் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டு சசிதரிடம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலைல ஆள் கூட்டிட்டு வாங்க. அந்தச் சுவர் வேண்டாம். இடிங்க."

சசிதர் கிருபாசங்கரைப் பார்த்தான்.

"அவரை எதுக்குப் பாக்கறீங்க? வரைபடத்துல யார் பேரு இருக்குது?"

"உங்க பேருதானுங்க."

"அப்ப என்னையப் பாத்துப் பேசுங்க."

காலையில் ஆட்கள் வந்தார்கள். கிருபாசங்கர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதல் கல் பெயர்ந்து விழுந்தபோது நந்திதாவுக்கு அழுகை வந்தது. தன் சம்பளத்தில் வாங்கிய சிமெண்டு. ஆனாலும் கடைசிக் கல் பெயரும்வரை அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை. மத்தியானம் ராமுலு வீட்டுச் சமையலறையில் லைட் அணைந்தது.

சாயங்காலம் அவர் கேட்டருகே போய் நின்றாள். "தெரியாமப் பேசிப்போட்டனுங்கண்ணா. மனசுல வெச்சுக்காதீங்க."

"இடிச்சீங்க, அது வரைக்கும் சந்தோசமுங்க" என்றார் ராமுலு. "ஆனா நீங்க பேசறப்ப தெருவே நின்னு பாத்துதுங்க. நீங்க இப்ப மன்னிப்புக் கேக்கறத யாரும் வந்து பாக்கலீங்களே." கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

ஆய்வாளர் வந்து அளந்து பார்த்த பிறகு வேலை மறுபடி நடந்தது. இந்த முறை நந்திதா தினமும் சசிதரிடம் வீடியோ காலில் டேப்பைப் பிடித்துக் காட்டச் சொன்னாள். கிருபாசங்கர் மெயின் ரோட்டில் வாடகைக்கு ஒரு கடை பார்த்துக்கொண்டான். வீட்டில் சாப்பாடு, சாவி, கரண்ட் பில் என்பதற்கு மேல் அவளிடம் பேசுவதில்லை. அவளும் பேசவில்லை.

பூச்சு காய்ந்ததும் ஆனைமலையிலிருந்து அம்மாவைக் காரில் கூட்டிவந்தாள். செல்லாத்தாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு புது அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம். மாப்ள அப்படித்தான சொல்லிட்டிருந்தாரு."

நந்திதா தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "உங்ககிட்டச் சொல்லியிருந்தாருங்களா?"

"போன்ல சொன்னாரு. முன்னாடி கடை வருதுன்னு. உனக்குச் சொன்னா நீ கோவிச்சுக்குவீன்னு நான் வாயத் தொறக்கலை. ஆம்பளைங்க தொழிலுக்குக் கேக்கறது ஒண்ணும் தப்பில்லையே சாமி."

கையிலிருந்த தலையணையை நந்திதா கட்டில்மேல் எறிந்தாள். அம்மா முகம் சுருங்கியது. என்ன சொன்னாலும் இப்போது அதிகமாகிவிடும் என்று நந்திதாவுக்குத் தெரிந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தாள், காலைத் தூக்கி நேராக வைத்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு புதுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனாள்.