றஞ்சிதத்தின் கொப்பியில் ஏழும் எட்டும்

1998 மாசி மாதம் றஞ்சிதம் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த குடை, மூன்றாம் நாள் தெஹிவளையில் தானாகவே வேறொரு பஸ் ஏறி, வெள்ளவத்தைச் சந்தையடியில் இறங்கி, அவள் தங்கியிருந்த வீட்டின் இரண்டாம் மாடிக்குப் படியேறி வந்து சேர்ந்தது. நடத்துனர் அதனிடம் டிக்கெட் கேட்கவில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. வடக்கே கொக்குவிலிலிருந்து தலைநகருக்கு வந்திருந்த றஞ்சிதம் தரவுத்தள நிர்வாகியாவது என்று தீர்மானித்திருந்தாள். ஒரு நிறுவனத்தின் விபரமெல்லாம் கணினியில் தொலையாமல், குழம்பாமல், கேட்டவுடன் கிடைக்கும்படி வைத்திருக்கிற வேலை அது. வகுப்பில் ஒரு கணினிக்கு மூன்று பேர். அவளுடைய பங்கு வாரத்துக்கு நாற்பது நிமிடம். அது காணாதென்று, பெரிய கொப்பியொன்றில் கோடு கீறி வீட்டையே பதிந்து பழகினாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் அது வரவேண்டும் என்று பாடப்புத்தகம் சொன்னது. கொப்பி வேறு, கணினி வேறு என்று பொருட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காதபடியால் அவையும் வந்தன. தேங்காய் திருவலை கீழ்வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து அறைக்காரி எடுத்துப்போன சீப்பு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

அந்த வீட்டில் எல்லோரும் வெளிநாடு போகக் காத்திருந்தார்கள். காத்திராதவள் றஞ்சிதம் ஒருத்திதான். வீட்டுக்காரி சரோஜினிதேவிக்கு அது பிடிபடவில்லை.

"டேட்டாபேஸ் எண்டா ஆக்களின்ர பேரை எழுதி வைக்கிறதுதானே? அதைத்தானே பிள்ளை பொலிசும் செய்யுது!"

"அவை எழுதி வைக்கினம் அன்ரி. நான் சரியா எழுதி வைப்பன்."

தமிழர் தங்கும் ஒவ்வொரு வீடும் கொடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுப் படிவத்தில் அந்த வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். வீட்டில் ஆறு பேர்தான். ஏழாவது இரத்தினசிங்கம் ரொறன்ரோவிலும் எட்டாவது வலன்ரைன் பாரிசிலும் இருந்தார்கள். பெயரை வெட்டினால் எங்கே, எப்படிப் போனான், யார் அனுப்பினது என்று கேள்வி வரும். ஆகவே வெள்ளவத்தையில் யாரும் வெட்டுவதில்லை. றஞ்சிதமும் அந்தப் படிவத்தைத்தான் கொப்பியின் முதற் பக்கத்தில் அப்படியே பிரதி செய்திருந்தாள். வீட்டில் கோடு கீறிய பட்டியல் அது ஒன்றுதான் இருந்தது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் அவளுக்குப் பத்து மணிக்கு நேர்முகப் பரீட்சை. காலை ஆறே முக்காலுக்குப் பொலிசார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார், ஆட்களை எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"தவ தென்னெக் கோ?" என்றார். இன்னும் இரண்டு பேர் எங்கே?

 கணக்குச் சரிவராவிட்டால் வீட்டோடு ஸ்டேஷனுக்கு ஏற்றுவார்கள். ஏறியவர்கள் பத்து மணிக்குள் இறங்கியதாக அந்த ஒழுங்கையில் சரித்திரமில்லை. றஞ்சிதம் இஸ்திரி போட்ட சேலையைப் பார்த்தாள், கொப்பியைத் திறந்தாள், ஏழு என்றாள், எட்டு என்றாள்.

படியில் காலடி கேட்டது. முன்னால் இரத்தினசிங்கம், ஏப்ரனோடு, கையில் நுரை ஒழுகும் கோப்பையுடன். பின்னால் வலன்ரைன், போர்வையைச் சுற்றிக்கொண்டு பாதித் தூக்கத்தில். இரத்தினசிங்கத்தின் சப்பாத்தில் பனி ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படிவத்தில் பனி எழுத இடமில்லாததால் எட்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"தங்கச்சி, அங்க கழுவக் கோப்பை மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு, முதலாளி என்னைத் துலைச்சுப் போடுவான்," என்று பதறினான் இரத்தினசிங்கம். வலன்ரைனுக்கு அவசரமில்லை. "இண்டைக்குச் செவ்வாய். வந்தது வந்தனான், கொச்சிக்கடை அந்தோனியாரையும் ஒருக்காக் கும்பிட்டிட்டுப் போறனே?"

"ஒன்பது மணிக்கு வெட்டுவன் அண்ணை. அதுக்குள்ள மெழுகுதிரியைக் கொளுத்திப்போடுங்கோ."

"வெட்டாதை பிள்ளை! நாளைக்கும் வந்து எண்ணுவாங்கள்," என்று சரோஜினிதேவி கொப்பியைப் பிடித்தாள்.

"இல்லாத ஆக்களை வச்சுக்கொண்டு நான் அந்த வேலைக்குப் போக ஏலாது அன்ரி. நீங்களும் ஸ்டேஷனுக்குப் போய் வெட்டுங்கோ."

அடிமட்டம் வைத்துக் கோடு கீறி ஏழாம் இலக்கத்தை வெட்டினாள். நாற்காலியில் நுரை மட்டும் இருந்தது. சரியாக ஒன்பதுக்கு எட்டை வெட்டினாள். கொச்சிக்கடையில் ஒரு போர்வை ஆளில்லாமல் முழங்காலில் நின்றதாக மெழுகுதிரி விற்கிற செலீன் பின்னர் சொன்னாள்.

பத்து மணிக்கு மூன்று பேர் அவளைக் கேள்வி கேட்டார்கள். அனுபவம் என்ன என்றதற்கு, ஆறு ஆட்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு பொருட்கள், இழப்பு இல்லை என்றாள். செய்த பெரிய பிழை?

"பிழையெண்டு தெரிஞ்ச பட்டியலைத் திருத்தாமல் பிரதி செய்தது சேர். இண்டைக்குக் காலமைதான் திருத்தினனான்."

வேலை சித்திரையில் தொடங்கியது. சரோஜினிதேவி ஏழு மாதம் யோசித்து, இரண்டு முறை ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி, மூன்றாம் முறை உள்ளே போய்ப் பெயர்களை வெட்டினாள். நிறுவனத்தில் பத்து வருடமாகக் காணாமல் போயிருந்த கோப்புகள் ஒவ்வொன்றாகக் கொள்ளுப்பிட்டிக் காலி வீதியால் நடந்து வரத் தொடங்கின. முதல் வாரம் ஊழியர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு காவலாளி அவற்றுக்கும் வருகைப் புத்தகத்தில் நேரம் குறித்துக்கொண்டான். சாப்பாட்டு வேளையில் வருபவை மட்டும், மற்றவர்களைப் போலவே, இரண்டு மணிவரை வாசல் வாங்கில் குந்திக் காத்திருக்கவேண்டும்.