அட்டை மயிலும் இரவல் கைகளும்

“குடு, நா செஞ்சு தாரேன்” என்றான் சங்கரபாண்டி.

“நாளைக்குக் காலேல வகுப்புல வச்சு செய்யணும்” என்றாள் கோமதி.

“அப்ப என் கையவே கொண்டு போ. சாயந்தரம் தந்தாப் போதும்.”

“ஒங்களுக்கு?”

“ஒன் கைய வச்சிட்டுப் போ.”

“சரி” என்றாள் கோமதி.

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் அவள் சேர்ந்த முதல் வாரம் அது; இருவருக்கும் கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. வயர், மோட்டார், அட்டை, சாயம், டேப்லெட் எல்லாவற்றையும் கொண்டு பிள்ளைகள் தாங்களே செய்து கற்க வேண்டும்; அதற்கு டீச்சர் முதலில் செய்து பழக வேண்டும் என்பது பாடம்.

அன்று “சரி”க்குப் பதிலாக அவள் கேட்க நினைத்தது வேறு. கேட்காத அந்த வேண்டுகோள் கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே தங்கிவிட்டது. அதனால் அவள் இடப்பக்கமாகவே மெல்லுவாள்.

தினமும் காலை எட்டரைக்கு இருவரும் கைகளை மாற்றிக்கொள்வார்கள். மணிக்கட்டில் அரைத் திருகல்தான். வலிக்காது. சங்கரபாண்டி செல்போன் பழுது பார்ப்பவன். பகலில் வாடிக்கையாளர்கள் போன்களை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் தன் கைகள் வந்ததும் பழுது பார்ப்பான். பிறகு சமையலும் அவன்தான். கொடுத்து வைத்தவள் என்று தெருவே சொன்னது.

பயிற்சி நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் ‘சிறந்த கைகள்’ என்று கோமதியின் புகைப்படம் மாட்டியிருந்தது. கைகள் மட்டும். விரல் முட்டிகளில் மயிர் இருந்தது. அந்தப் பலகையைக் கடக்கும்போது கோமதி தன் செருப்பைப் பார்த்துக்கொள்வாள்.

கடைசிச் செய்முறைத் தேர்வு வந்தது. அலுவலகத்தில் கைகளுக்குப் படிவம் கேட்டார்கள்.

“கை யாரோடதும்மா?” என்றார் எழுத்தர்.

“வீட்டுக்காரரோடது.”

“அப்ப அவருதான் கையெழுத்துப் போடணும்.”

“கை இங்கதான சார் இருக்கு.”

“அப்ப போடுங்க.”

போட்டாள். சங்கரபாண்டி என்று விழுந்தது. எழுத்தர் முத்திரை குத்தினார். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் கோமதிக்கு இன்னும் கூசியது.

அங்கிருந்து செய்முறை அறை நாற்பது அடி. இரவல் கையோடு போகிறவர்களுக்கு மட்டும் அந்த வராந்தா நீளும். கோமதிக்கு அன்று பாதி வழியில் பசித்தது. சுவரோரமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். கைகழுவிவிட்டு மறுபடி நடந்தாள்.

தேர்வாளர் பீரோவுக்குள் உட்கார்ந்திருந்தார். வகுப்பைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது விதி. கதவு ஒருக்களித்திருந்தது.

கோமதிக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளை மூன்றாம் வகுப்பு. பெயர் தன்ஷிகா. அட்டை மயில் ஒன்று செய்ய வேண்டும். யாராவது கைதட்டினால் அது தோகை விரிக்க வேண்டும்.

தன்ஷிகா தோகைக்கு ஆரஞ்சு நிறம் பூச எடுத்தாள். சங்கரபாண்டியின் வலது கை தூரிகையை வாங்கி நீலம் பூசியது. தன்ஷிகா சிவப்பு வயரை மோட்டாரின் தப்பான முனையில் வைத்தாள். இடது கை வயரைப் பிடுங்கியது. டேப்லெட்டில் அவள் மயிலை ஆட்டிவைக்கும் கட்டளைக் கட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் சேர்ந்து டேப்லெட்டைத் தம் பக்கம் திருப்பின.

“குடு, நா செஞ்சு தாரேன்.”

சொன்னது கைகள் அல்ல. கோமதியின் வாய்தான், அவள் குரலிலேயே.

“சரி டீச்சர்” என்றாள் தன்ஷிகா.

அந்தச் “சரி”யைக் கோமதிக்குத் தெரியும். முகம் சுட்டது. கைகள் நிற்கவில்லை.

வேலை முடிந்து அவள் நிமிர்ந்தபோது தன்ஷிகா தன் கைகளைக் கழற்றி பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தாள்.

“ஏன்மா கழத்திட்ட?”

“வீட்டுக்குப் போறப்ப மாட்டிக்கிடுதேன் டீச்சர். இங்க தேவப்படாதுல்லா.”

“கைதட்டச் சொல்லுங்க” என்றது பீரோ.

தன்ஷிகா வெறும் சட்டைக்கையைத் தூக்கிக் காட்டினாள். கோமதியே தட்டினாள். மயில் தோகையை விரித்தது. மிக நன்றாக விரித்தது.

“மயில் பிரமாதம். முழு மதிப்பெண்” என்றார் தேர்வாளர். பீரோக் கதவு மூடிக்கொண்டது.

நாலு மணிக்கு தன்ஷிகா கைகளை மாட்டிக்கொண்டு போனாள். போகும்போது டாட்டா காட்டினாள். கோமதி பதிலுக்குக் காட்டவில்லை. காட்டினால் அது சங்கரபாண்டி காட்டியதாக ஆகும்.

திரும்பும் வராந்தா இன்னும் நீளமாக இருந்தது. அதன் கடைசியில் சங்கரபாண்டியின் கடை வந்தது.

அவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தன் மணிக்கட்டில் இருந்த அவளுடைய கைகளை வெள்ளைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்திருந்தான். ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டான், இரண்டு வருடமாக. கோமதி துண்டைப் பிரித்தபோது உள்ளங்கையில் கல்யாணத்துக்கு இட்ட மருதாணி அப்படியே சிவந்திருந்தது. எந்த வேலையையும் தொடாத கை. அது எங்கிருந்து வெளுக்கும்?

“பாத்தியா, எப்படி வச்சிருக்கேன்” என்றான். அவ்வளவு பிரியமாகச் சொன்னான்.

இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மிச்சமிருந்த அட்டையையும் மோட்டாரையும் வயரையும் கோமதி பையிலிருந்து மேசையில் கொட்டினாள். வயரின் தோலை உரிக்கப் பார்த்தாள். விரல்கள் கேட்கவில்லை. வயர் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. பழுதுக்குக் கொடுத்த போனை வாங்க வந்த ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் காது வரை சூடேறியது.

“குடு” என்று சங்கரபாண்டி கையை நீட்டினான்.

“சரி” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கடைவாயில் ஏதோ அசைந்தது. கன்னத்தைத் தாண்டி நாக்குக்கு வந்தது. இரண்டு வருடத்தில் அது கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஆனால் முழுதாக இருந்தது.

“வேண்டாம்ங்க. நானே செஞ்சு பாக்கேன். கெட்டுப் போனாலும் போவட்டும். நீங்க தொடாம என் பக்கத்துல உக்காந்திருங்க.”