கல்கவுதாரியின் மூன்று முட்டைகள்

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பறவை என்றால் காக்கை, புறா. மீதியெல்லாம் 'ஏதோ ஒண்ணு'. ஐம்பத்தெட்டு வயதுவரை அப்படியே ஓட்டிவிட்டவரைப் பாலைவனத்தில் நடக்க இழுத்து வந்தவள் அவருடைய ஒரே மகள். ஆறு நாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஏழாவது நாள் பறவைகள் என்று இருப்பவள். அம்மா போனபிறகு அப்பா கடையே கதி என்று கிடப்பதைப் பார்த்து, மூன்று மாதம் நச்சரித்துச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

கிளம்பும்போதே, பறவை பார்க்க வந்த கூட்டம் முழுவதுக்கும் வழிகாட்டிப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இருபுறமும் கல் அடுக்கிய பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. இது முட்டையிடும் காலம். கூடு என்று தனியாக எதுவும் இருக்காது, வெறும் தரைதான்.

முதல் ஒரு மணி நேரம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மணலில் பாம்பு போன தடம், முள்மர நிழலில் காதை மட்டும் விடைத்துக்கொண்டு படுத்திருந்த நரி. மகள் காட்டக் காட்ட, வாய் பிளந்து பார்த்தார். அவள் சந்தோஷத்தில் தன் கேமராவையே கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

அப்போதுதான், பாதையிலிருந்து இருபதடி தள்ளிக் கிடந்த ஒரு கல் கண்ணை மூடித் திறந்தது. கல் இல்லை, மண் நிறத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் கல்கவுதாரிப் பறவை. அத்தனை பேர் தாண்டிப் போயும் தன் கண்ணுக்கு மட்டும் பட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்தில் போய்ப் படமெடுத்து அவளை அசத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது, நீங்கள் முன்னால் போங்கள், நான் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மெதுவாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்தங்கினார்.

அவர் நெருங்கியதும் பறவை எழுந்து பறந்தது. தரையில் புள்ளி போட்ட மூன்று முட்டைகள். தொடவில்லை; ஆறடி தள்ளி உட்கார்ந்து காத்திருந்தார். பறவை தூரத்தில் இறங்கும், நாலடி ஓடிவரும், அவரைப் பார்க்கும், திரும்பிவிடும். வெயில் ஏறிக்கொண்டே போனது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நாற்பது நிமிடம். கடைசியில், அலகைத் திறந்தபடி எட்ட நின்ற பறவைதான் படத்தில் கிடைத்தது. அதற்கே மகள் பூரித்துப் போனாள்.

சாயங்காலம் சாப்பிடும்போது அந்தப் பறவையைப் பற்றி எங்கோ படித்ததை அவருக்கும் சொன்னாள். "பகல்ல இது முட்டை மேல உட்கார்றது சூடு கொடுக்க இல்லையாம்ப்பா. நிழல் கொடுக்கவாம். கொஞ்ச நேரம் எழுந்து போனாலே முட்டை வெந்துடுமாம்."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக வழிகாட்டிப் பெண்ணைத் தேடிப் போய் அந்த முட்டைகளைப் பற்றி விசாரித்தார். அவள் முட்டைகளைக் கணக்கெடுக்கும் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினாள்: மூன்று முட்டை, பொரியவில்லை, நரி பறவையை விரட்டியிருக்கலாம்.

"நரி இல்லம்மா. நான்தான்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டாள். நரி என்பதை அடித்துவிட்டு 'மனிதர்' என்று எழுதினாள். இந்த ஆண்டு அந்தப் பறவை மறுபடி முட்டை வைக்குமா என்று அவர் கேட்டதற்கு, காலம் தாண்டிவிட்டது என்றாள்.

வீட்டுக்கு வந்து மகளிடமும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேமராவை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள்.

"கூப்பிட்டிருந்தா பாதையில நின்னே ரெண்டு பேரும் பார்த்திருக்கலாமேப்பா. அதுக்குத்தானே உங்களைக் கூட்டிட்டுப் போனேன்."



இருந்தும் அடுத்த நடைக்குப் பெயர் கொடுக்கும்போது அவர் பெயரையும் சேர்த்தே கொடுத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று அவர்தான் வரவில்லை என்றுவிட்டார். அவள் வற்புறுத்தவில்லை. நடை நாளன்று காலை கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், அவள் தன்னை எவ்வளவு பொறுத்துக்கொண்டு அழைத்திருக்கிறாள் என்று அவருக்கு உறைத்தது. அவசரமாகப் போன் செய்தார். அதற்குள் அவர்களுடைய வண்டி சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போய்விட்டிருந்தது.